சொந்த நடையில் எழுதுக

பதினொரு வரி, ஒரே வசனம்.
நடுவில் மூன்று ‘இல்லை’,
ஒன்றையொன்று விழுங்கியபடி.
எழுவாயை விட்டுவிட்டு
எங்கேயோ போய்விட்ட வினைச்சொல்லைத் தேடி
பொது நூலக மேசையில் கவிழ்ந்திருந்தோம்.

“சம்மதிக்கிறாள்” என்று சுருக்கினேன்.
“மோடயா, மறுக்கிறாள்” என்றாய், நுஸ்கியா,
அரைப்புள்ளியை நகத்தால் கீறி.
பென்சிலை நீ திருப்பித் தரவில்லை.

மூடுகிற மணி. வெளியே மழை.
தேத்தண்ணி குடிப்பமா என்றேன்.

“பாப்பம்.”

காலி வீதி முழுக்க
பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு
அதைச் சொந்த நடையில் எழுதிப் பார்க்கிறேன்.
பம்பலப்பிட்டியில் சம்மதம்.
வெள்ளவத்தையில், சிவப்பு விளக்கு விழ, மறுப்பு.
தெஹிவளைப் பாலமும் தாண்டியாயிற்று.
எங்க இறங்கிறது என்று
கொண்டக்டர் கேட்கிறார்.