இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?

ஓல்டனில் எவரும் தங்குவதில்லை,
இறங்கி மாறி ஏறுவார்கள்.
அதனால்தான் அந்த ஊர்.
பாசல், பேர்ண், லுசேர்ன், சூரிச்
எங்கிருந்து வந்தாலும் அரைமணித்தியாலம், கூடக்குறைய.
நீ கிட்ட, நான் தூர என்று
ஒருவரும் முகம் சுளிக்கேலாது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
நிலையத்துக் கோப்பிக் கடையில்
இரண்டு மேசைகளை ஒட்டிப் போடுவோம்.
ஏழு பேர். சிலநாள் ஐந்து.
கார்த்திகை மூடுபனியில்
வெளியே ஆறு இருக்கிறது என்பது
ஒரு நம்பிக்கை மட்டும்.

முடித்ததைச் சொல்லக்கூடாது.
வாங்கி அடுக்கியதைச் சொல்லக்கூடாது.
பாதியில் நிற்பதை மட்டும்.
தபாற்கந்தோர் அருந்தவநாதன் வைத்த சட்டம்.

அவர் கையில் ஆயிரம் பக்கத்து ருஷ்ய நாவல்.
தகப்பன் பெயர், பட்டப்பெயர், செல்லப்பெயர் என்று
ஒருவனையே மூன்று ஆளாக எண்ணி
நூறு பக்கம் போய்விட்டாராம்.
இப்போது திரும்பி வந்து
இரண்டு பேரைக் கழிக்கிறார்.

நிமலராணி தேனீ வளர்ப்பு,
டொச்சில், அகராதியோடு.
"இராணி செத்தது விளங்குது.
எப்பிடிச் செத்தது எண்ட சொல்தான்
அகராதியிலை இல்லை."

பிரணவி மகளின் படக்கதையை
மகளுக்கு ஒளித்து வாசிக்கிறாள்.
பிடிபட்டால் முடிவைச் சொல்லிவிடுவாளாம் பிள்ளை.

என் முறை.

முதியோர் இல்லத்தில் இரவுவேலை எனக்கு.
இரண்டு வருடமாக எந்தப் புத்தகமும்
ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.
முதலில் கண் தாளில், பிறகு தாள் முகத்தில்.
அதைச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு நாவல்," என்றேன்.
"பாலத்தடியிலை துண்டு கிழிக்கிற ஒரு பொம்பிளை.
பாலம் இடிஞ்சு போச்சு.
அவ ஒவ்வொரு நாளும் போய்
அந்தக் கூட்டுக்குள்ளை இருக்கிறா."
"ஆர் எழுதினது?"
"அட்டை கிழிஞ்சிட்டுது."

அடுத்த மாதம் ஒருவரும்
புத்தகத்தைக் கேட்கவில்லை.
அவளைக் கேட்டார்கள்.
சம்பளம் வருதோ? ஆர் குடுக்கிறது?
எந்த அறையிலும் மணி அடிக்காத நேரங்களில்
யோசித்து வைத்திருந்தேன்.
"வருகுது. பாலம் இடிஞ்ச கடிதம்
இன்னும் கந்தோருக்குப் போய்ச் சேரேல்லை."
தபாற்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

தை போய் மாசி போய் பங்குனியில்
ரயில்பெட்டி கழுவும் குலவீரன்,
மூலையிலிருந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டே,
எப்போதும் "ஒண்டும் வாசிக்கேல்லை" என்கிறவர்,
வாய் திறந்தார்.
"நானும் இப்ப அதைத்தான் வாசிக்கிறன்."

ஆறிய தேநீர் என் நாக்கைச் சுட்டது.

"அவவுக்கு ஒரு தம்பியெல்லோ, படகுக்காரன்?
பாலம் இடிஞ்சதாலை தொழில் கிடைச்சவன்.
அவனைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

மேசை முழுக்க என்னைப் பார்த்தது.
"நான் இன்னும்
அந்தப் பக்கத்துக்கு வரேல்லை."

அன்றிலிருந்து பாலத்தடியில் இரண்டு பேர்.
அவர் படகைக் கவிழ்க்கப் பார்க்கிறார்,
நான் காற்றை நிறுத்திவிடுகிறேன்.
ஒருநாளும் தனியே பேசியதில்லை.
நிமலராணி சூரிச் நூலகத்தில் விசாரித்திருக்கிறாள்.
தேடித் தருவார்களாம்.
சுவிஸ்காரர் சொன்னால் தேடுவார்கள்,
அதுதான் பயம்.

போன ஞாயிறு மேடையில்,
பூச்சியம் வெட்டிய அந்தக் கிலோமீற்றர் கல்லருகே நின்றேன்.
பேர்ண் ரயிலின் கதவு மூடமுன்
குலவீரன் தலையை நீட்டினார்.
"இருநூற்றிப் பன்னிரண்டு," என்றார். "நீங்கள்?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை
இன்னும் கேட்டுக்கொண்டே போனது.

அன்றிரவு காய்ச்சல் குறிக்கும் கொப்பியின்
பின் ஒற்றையைத் திருப்பி
மேல்மூலையில் பத்து என்று இலக்கமிட்டேன்.
அவள் துண்டுப் புத்தகத்தை எடுத்தாள்.
படகிலிருந்து யாரோ இறங்கி வருகிறார்கள்.

பதினாலாம் அறையில் மணி.