கு, கூ

ஊட்டியில் பயிற்சி, முதல் நாள்.
போஜன் சார் எழுத்துக் கட்சி:
ட, ப, ம தெரியாமல் என்ன வாசிப்பு?
எஸ்தர் டீச்சர் சொல் கட்சி:
‘படம்’ என்றே காட்டுங்கள்,
பிள்ளை முழுசாய் விழுங்கட்டும்.
வடை ஆறிப்போயிற்று.
நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

மாலை, பஸ் ஸ்டாண்டில்
பெயர்ப்பலகையின் நடுவைப் பனி தின்றிருந்தது.
மிச்சம் ஒரு முதல் எழுத்து,
கடைசியில் ஒரு ர்.

‘குன்னூர்தானே?’
பக்கத்தில் நின்ற தாய் மகளைக் கேட்டாள்.
ஸ்வெட்டர் கைக்குள் விரல் மறைந்த சிறுமி
அண்ணாந்து பார்த்தாள்,
உதடு மட்டும் அசைந்தது.

‘கூடலூரும்மா.
கூ-வுக்கு வால் இருக்கு.
அப்புறம்
டிரைவர் மலையாளத்துல திட்டுறாரு.’

குன்னூர் போகவேண்டிய நான்
படியில் வைத்திருந்த காலை
மெல்ல எடுத்துக்கொண்டேன்.