நாற்பத்தொன்றுக்கு நாற்பது

ட்ரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாட்களில்
எங்கள் நூலகச் சங்கத்தின் கதவைத் திறக்க
இரண்டு பேர் வேண்டும்.
மூட, மூன்று.

அறிவிப்புப் பலகையில் இம்மாதம்:
விட்டில் பூச்சிகள் பற்றிய உரை தள்ளிவைப்பு,
பேச்சாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பயண நூல்களுக்குக் கீழே இருக்கும் வாளி
கூரை ஒழுகுவதற்கு; குடைகளுக்கு அல்ல.
செல்லோக் கச்சேரி உண்டு, நாற்காலி போதாது.

அதற்கும் அடியில், நிவெஸின் சாய்ந்த எழுத்தில்,
தீர்மானம்:
நாளிதழ் அறையின் மௌன விதியை நீக்குவது.

போர் முடிந்த செய்தியையே அந்த அறையில்
துண்டுத்தாளில் எழுதித்தான்
மேசை மேசையாக நகர்த்தினார்களாம்.

பொதுக்குழுவில் ஒரே கூச்சல்.
மௌனம் வேண்டுமென்று ப்ரெகார்ஸ் மேசையைக் குத்தியதில்
தண்ணீர்க் குவளை உருண்டது.
"செத்த உறுப்பினர்களையும் எண்ணினால்
நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்" என்றாள் எத்தா.
நாற்பத்தொன்றுக்கு நாற்பது.
அந்த ஒரு வாக்கு தன்னுடையதென்று
நாற்பத்தொரு பேரும் சொல்லிக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை பதினோரு பேர்,
பதினோரு நாளிதழ்.
பேசலாம்.
காற்று கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.
அடுத்த அறை வாளியில் ஒரு சொட்டு.
எத்தாகூடப் பக்கத்தைத் திருடியைப் போலத்தான் புரட்டினாள்.

எவ்வளவு அடக்கியும் தும்மிவிட்டேன்.

"ஆரோக்கியம்!"
என்றார் ப்ரெகார்ஸ்.
இருபத்தாறு வருடத்தில்
அந்த அறையில் அவர் உதிர்த்த முதல் சொல்.
சொல்லிவிட்டு
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.