வைக்கோல் பாக்கி

மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனேன்.
பூர்வீகம் எந்த ஊர் என்றார்கள்.
அப்பாவின் பள்ளிச் சான்றிதழில்
பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள்
யாரோ ஒரு வாத்தியார்
சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறார்:
"டேரா."

அப்படி ஒரு கிராமம்
இந்த வட்டத்தில் இல்லையே என்று
எழுத்தர் டீ குடிக்கப் போனார்.

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
நாற்பது கிலோ, ஈரப்பதம் பதினேழு,
சாக்கு எடை தனி.
தாளில் பார்த்தால்தான் எதையும் நம்புவேன்.
அப்பா இருந்தவரை எதுவும் சொன்னதில்லை.
ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட
ஏணி ஏறாத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினேன்.

கும்பகோணத்தில் கேளிக்கை வரிப் பேரேடு,
கரையான் தின்றது போக மிச்சம்:
மலபார் தாமரை சர்க்கஸ். சிங்கம் ஒன்று,
யானை இரண்டு, ஆட்கள் அறுபத்து நான்கு.
சிங்கத்துக்குப் பெயர் இருந்தது, சுல்தான்.

மன்னார்குடி ஸ்டுடியோவில் ஒரு படம் கிடைத்தது.
ஒரே சைக்கிளில் நான்கு பெண்கள்.
அதில் எங்கள் ஆள் யாரென்று
முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார் கடைக்காரர்.
நான்கு பேருக்கும் என் முழங்கால்.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிப் பதிவேடு, தை மாதம்:
"குஞ்ஞம்பு. பார் ஆட்டம்.
தலைகீழாகத் தொங்கி ஆள் பிடிப்பவர்.
இடது தோள் நழுவியது. ஏற்றிவிடப்பட்டது.
மாலை ஆட்டத்துக்குப் போவேன் என்கிறார்."
கு. பவித்ரன் என்று அப்பா கையெழுத்துப் போடும்போது
அந்தக் கு கொஞ்சம் இழுத்துக்கொண்டே நிற்கும்,
பக்கத்து எழுத்தைப் பிடிக்கப் போவதுபோல.
அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாகக் கொரடாச்சேரி.
ராவுத்தர் மண்டியில் பேரன் நிஜாமுதீன்
பரணிலிருந்து இறக்கிய சிட்டையில்
எலிப்புழுக்கையைத் தட்டிவிட்டு வாசித்தார்.
புயல் வருஷம், கார்த்திகை.
மழைக்காலத்தில் கூடாரம் அடிக்காதே என்று
இந்த ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை போல.

"யானைக்கு வைக்கோல், மூன்று நாள்.
ரொக்கம் இல்லை. முப்பத்தேழு ரூபாய் ஆறணா.
ஜாமீன்: பார் குஞ்ஞம்பு."
அதற்குக் கீழே வேறு மையில்:
"கம்பெனி ரயிலேறிவிட்டது.
ஆள் ஒன்று, கைக்குழந்தை ஒன்று, இருப்பு."

இருப்பு.
நான் தினமும் எழுதுகிற சொல்தான்.

குழந்தையின் அம்மாவைப் பற்றி வரி எதுவும் இல்லை.
அவளுக்கு அடுத்த ஊரில் ஆட்டம் இருந்திருக்கும்.
சைக்கிளில் மூன்று பேர் போனால்
பார்க்கிறவன் காசைத் திருப்பிக் கேட்பான்.

அப்புறம் அந்த மண்டியிலேயே மூட்டை சுமந்திருக்கிறார்.
கூலி வரவு பத்து வருஷத்துக்கு இருக்கிறது.
யானைக் கணக்கை மட்டும்
யாரும் அடிக்கவில்லை.
மறதியா, இல்லை
அடித்தால் ஆள் போய்விடுவான் என்றா,
நிஜாமுதீனுக்கும் தெரியவில்லை.

முப்பத்தெட்டு ரூபாயை மேசைமேல் வைத்தேன்.
மிஷின் உருட்டித் தருகிற வைக்கோலில்
இன்று கால் கட்டு வருமோ என்னவோ.
வட்டி எவ்வளவு என்றேன்.
எங்களுக்கு வட்டி ஆகாதும்மா என்றவர்
ஆறணாவுக்கு மேலே போனதைச் சில்லறையாகத் தேடி,
கிடைக்காமல்
ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.
ரசீதில் எழுதினார்:
"குஞ்ஞம்பு வகையறா. பைசல்."

எங்கள் பெயர் இந்த மண்ணோடு சேர்ந்து வருகிற
ஒரே தாள்.
அதை எழுத்தரிடம் நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இது கடன் ரசீதுதானே என்றார்.
ஆமாம்.
தீர்ந்திடுச்சா?
தீர்ந்திடுச்சு.
அப்ப இனிமே எதுக்கு இங்க இருக்கீங்க என்று
சிரித்தார். அவரை அறியாமல்தான்.

பதில் சொல்லவில்லை.
மூன்றரை மணிக்கு லாரி வருகிறது,
லோடு இருக்கிறது,
அறுநூறு மூட்டைக்கு
நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.