நீள்வட்டம்

அருங்காட்சியகம் அனுப்பிய வரைபடத்தில்
அந்தப் பரோக் ஆல்ட்டோ குழலின் துளை
வட்டமாக இல்லை.
ஒரு வாக்கில் பத்தொன்பது மில்லி,
மறு வாக்கில் பதினெட்டரை.
முந்நூறு வருஷத்தில் மரம் சுருங்கியதா,
கடைந்தவன் கை பிசகியதா,
தாள் சொல்லவில்லை.
பூச்சி அரித்த பொத்தலுக்கு மட்டும்
ஓர் அம்புக்குறி.

ஏற்காட்டுப் பனி லேத்து வரை வந்து நிற்க
அமலோற்பவம் பேரி மரத்தை
வட்டமாகவே கடைந்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
ஐந்து ரோட்டு வெயிலில்
வாங்க வந்தவர் ஊதினார்.
மலையில் சரியாயிருந்த ஸ்வரம்
மயிரிழை ஏறி நின்றது.
"பிசகா?"
"சேலம்," என்றாள்.

அவர் பணம் எண்ணுகையில்
காலிப்பரை நுழைத்துப் பார்த்தாள்.
பத்தொன்பது.
குழலைக் கால் சுற்று திருப்பினாள்.
பத்தொன்பதுக்குச் சற்று முன்பே
நின்றுவிட்டது முள்.