மூணாவது படி ஆடும்

லாரி திரும்பிப் போன பிறகுதான் தெரிந்தது
மின்விசிறியை மாட்ட ஏணி இல்லை.
அம்மாபேட்டையில், சித்திரை மாதத்தில்,
தலைக்கு மேலே வெறும் கொக்கி.

எதிர்வீட்டில் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்
ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே
மூன்றாவது வீட்டைக் கைகாட்டினார்.
மூன்றாவது வீட்டில் சௌடாம்பிகா, ஈரக் கையோடு:
"எங்ககிட்டதான் இருந்துச்சுங்க.
போன வாரம் மெஹராஜ் வெள்ளையடிக்கக் கேட்டாங்க."
மெஹராஜ் வீட்டில் அது மொட்டைமாடிக்குப் போய்
அங்கிருந்து பக்கத்து மாடிக்குத் தாவி
துளசிராமின் தறிக்கூடத்தில் இறங்கியிருந்தது.

ஓர் ஏணியைத் தேடிப் போன வழியில்
ஒரு சொம்பு மோர்,
"எந்த ஊருங்க?" ஏழு தடவை,
"தூத்துக்குடியா, அவ்ளோ தூரமா!" ஐந்து தடவை.
நீங்கள் போடும் உப்பு எங்கள் ஊர் உப்பு என்று
அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.
இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

துளசிராம் ஏணியைத் தோளில் போட்டு
அவரே கொண்டுவந்து சாத்தினார்.
"மூணாவது படி ஆடும், பாத்து."
அவர் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள்,
என் வீட்டுக்குள் நான் மகனை "ஏலே" என்கிறேன்.
ஆடும் படியைப் பற்றிப் பேச
இரண்டு பேருக்கும் போதுமான தமிழ் இருந்தது.

எட்டாம் நாள் நள்ளிரவில் கதவு இடிபட்டது.
ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஆள் வந்திருக்கிறதோ,
யாருக்கு என்ன ஆயிற்றோ என்று
செருப்பில்லாமல் ஓடித் திறந்தேன்.
"தண்ணி வந்துடுச்சுங்க!"
வரிசையில் எனக்கென்று ஏற்கனவே நின்றது
யாருடையதோ ஒரு நீலக் குடம்.
முதலில் செம்மண் நிறத்தில் இருமியது குழாய்,
பிறகு மேட்டூர் தெளிந்து வந்தது.
மெஹராஜ் கொட்டாவியோடு மலையைக் காட்டினாள்.
ஏற்காட்டுப் பாதையில் ஒற்றை வண்டி,
வளைவுக்கு வளைவு அணைந்து அணைந்து எரிந்தது.
கடல் பார்த்த கண்ணுக்கு அது
கரைக்குத் திரும்பும் வள்ளத்தின் விளக்கு.
சொல்ல நினைத்தேன். குடம் வழிந்துவிட்டது.

என் வேலை தெரிந்ததும்
சர்க்கரை ரிப்போர்ட்டுகள் மதிலேறி வரத் தொடங்கின,
கூடவே, என்ன சொல்ல,
ஒரு தட்டு மைசூர்பாகு.
மகன் முக்குக் கடையில்
"ஒரு செட்டுங்க" என்று கேட்கப் பழகிவிட்டான்.
இரண்டு தட்டுவடைக்கு நடுவே
பீட்ரூட் சிவந்து, உதடும் சிவந்து வருகிறான்.
நேற்று என்னையே "சாப்டீங்களாம்மா" என்றான்.
ஒரு நிமிடம் யாரோ வீட்டுப் பிள்ளையென்று பார்த்தேன்.

எல்லாரும் தங்கமென்று சொல்ல மாட்டேன்.
ஒன்பதாம் எண் ராஜமாணிக்கம்
நான் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை
வந்த நாளிலிருந்து முறைக்கிறார்.
ஐப்பசி மழை கொட்டிய இரவு விடிந்ததும்
ஸ்கூட்டர் மேல் தார்ப்பாய் மூடி, கயிறும் கட்டியிருந்தது.
"நீங்களாங்க?" என்று கேட்டதற்கு
இன்னும் பலமாக முறைத்தார்.

நேற்று அவர்தான் வாசலில் வந்து நின்றார்,
கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு.
"உங்க ஏணி கொஞ்சம் வேணும்."

எங்களுடையது இல்லை என்று வாயெடுத்தேன்.
ஏனோ சொல்ல மனம் வரவில்லை.
ஆறு மாதமாக என் மதிலில்தான் சாய்ந்திருக்கிறது,
அதன் ஒரு காலில் என் அவரைக்கொடி சுற்றியிருந்தது.
கொடியை மெல்லப் பிரித்துவிட்டு
"எடுத்துக்கங்க" என்றேன்.
"மூணாவது படி மட்டும்..."

"தெரியும்" என்றார்,
ஏணியைத் தூக்கியபடி.
"அத ஆட்டிவிட்டதே நாந்தான்."