எழுநூற்று இருபது

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவில்
யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை.
"இருக்கா?" என்று கேட்போம்.
"இருக்கு" என்றால்
எழுநூற்று இருபது இருக்கிறது என்று பொருள்.
வேறு எதுவும் இருக்கிறது என்றில்லை.

பத்து மணிக்கு வசூல் தம்பி வருவார்.
வேதாளை விலக்கில் பைக் திரும்பும் சத்தத்திலேயே
சைத்தூன் பீவிக்கு வயிறு கலங்கும்.
அவர் கெட்டவரில்லை.
அதுதான் சங்கடம்.
கெட்டவராயிருந்தால் ஏசிவிட்டாவது தூங்கலாம்.

ஐந்து பேர் ஒரு குழு.
ஒருத்தி விழுந்தால் நாலு பேர் தூக்க வேண்டும்.
"பாடை மாதிரி" என்றாள் முனியசெல்வி,
கையெழுத்துப் போட்ட அன்று.
எல்லோரும் சிரித்தோம்.

இன்று அருள்சீலியைக் காணோம்.
போன் அணைந்திருக்கிறது. கதவில் பூட்டு.
கொடியில்
பாசி எடுக்கப் போகையில் போடும் முழுக்கைச் சட்டை மட்டும்
உப்புப் பூத்து, விறைத்து,
உள்ளே ஆள் இருப்பதுபோல் தொங்குகிறது.
போன வாரம் பாரில் கால் கிழிந்து
நொண்டிக்கொண்டு வந்தாள்.
சர்க்கரை உடம்பு, ஊசி போடு என்றோம்.
"போடணும்" என்றாள்.

தடைக்காலம் நாற்பத்து மூன்றாம் நாள்.
மண்டபத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன,
வீட்டில் ஆண்கள்.
என் வீட்டுக்காரர் முதல் வாரம்
மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டாம் வாரம் வேலி கட்டினார்.
மூன்றாம் வாரம் எதற்கும் எழவில்லை.
இப்போது குடங்களை எண்ணுகிறார்.
"ஒரு நாளைக்கு ஒன்பதா?
தண்ணிக்கா நூத்தி எட்டு ரூபா?"
வண்டி வந்த நாளிலிருந்து ஒன்பதுதான் என்றேன்.
அதற்குப் பிறகு அவர்
ஒரு கைத் தண்ணீரில் முகம் கழுவுகிறார்.

வசூல் தம்பி காத்திருந்தார்.
பூவரசு நிழல் ஒரு அடி நகர்ந்தது.
அப்போதுதான் ஜெனோவா வாயைத் திறந்தாள்:
அருள்சீலிக்கு இன்னும் மூன்று குழு உண்டாம்.
திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று.
கிழமைகளை ஒவ்வொன்றாய் அடகு வைத்திருக்கிறாள்,
ஞாயிறு பூசைக்கு மட்டும் மிச்சம்.

தலைக்கு நூற்று எண்பது.
சைத்தூன் பீவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்,
மகனின் இழுப்பு மருந்துக்கு வைத்தது.
முனியசெல்வி சில்லறையாக எண்ணினாள்.
ஜெனோவா தர மாட்டேன் என்று கத்தினாள்.
பிறகு தந்தாள்.
தந்துவிட்டும் கத்தினாள்.
நான் நோட்டில் அருள்சீலி பெயருக்கு நேரே
வருகை என்று எழுதினேன்.

"படம் எடுக்கணும் அக்கா" என்றார் அவர்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
"அஞ்சு பேர் நின்னாத்தான் கணக்கு மூடும்.
மூடலைன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க."
தெருவையும் பூட்டையும் பார்த்தார்.
கொடியைப் பார்த்தார்.
"கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க."

முனியசெல்வி தன் தலைத்துணியை அவிழ்த்து
சட்டைக் காலருக்கு மேல் சுற்றினாள்.
முகத்தை மூடித்தானே பாசிக்குப் போகிறோம்.
நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம்.
காற்றில் ஒரு கை எழும்பி
என் தோளில் விழுந்தது.
உப்பு உறுத்தியது. நான் தட்டிவிடவில்லை.

போகும்போது தண்ணீர் கேட்டார்.
என் வீட்டுக்காரர் உள்ளே போனார்.
வரத் தாமதமானது.
எண்ணுகிறாரோ என்று நினைத்தேன்.
சொம்பு தளும்பக் கொண்டுவந்து
இரண்டு கையாலும் நீட்டினார்.

நாளை புதன்.
வேறொரு பைக் வரும்.
அந்தக் குழுவின் நாலு பேர் யாரென்று தெரியவில்லை.
தெரிந்தால் சொல்லி அனுப்பலாம்:
சட்டை கொடியில்தான் இருக்கிறது.
யாரும் எடுத்து மடித்துவிடாதீர்கள்.